மணல் தரையில் புல் விதை: மேலே நல்ல மண் கொட்டினால் சரியாகிவிடுமா?

கேள்வி – மார்ச் 2

வீட்டுக்குப் பின்னால் 40 சதுர மீட்டர் இடம். தோண்டத் தோண்ட மணல்தான். போன வருடம் புல் விதை தூவினேன். பத்தாம் நாள் பச்சை தெரிந்தது, ஒரு மாதத்தில் அத்தனையும் கருகிவிட்டது. மணலில் விதை போட்டால் நிற்காது, நாலு விரல் உயரத்துக்கு நல்ல மண் கொட்டி அதன்மேல்தான் விதைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு லோடு மண் சொல்லிவிட்டேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

மார்ச் 2, இரவு

அந்த லோடை நிறுத்தி வையுங்கள். காரணம் நாளைக்கு.

மார்ச் 3

நீங்கள் செய்யப்போவதை நான் மூன்று வருடத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட்டேன். மணல்மேல் 7 செ.மீ. களிப்பான மண். நிரவி, உருளை ஓட்டி, விதை தூவியாயிற்று. முளைப்பும் அமோகம். வெயில் ஏறிய பிறகுதான் வினை. தண்ணீர் விட்டால் இரண்டு நாள் சேறு, கால் வைக்க முடியாது. மூன்றாம் நாள் செங்கல். ஒரு மூலையில் மஞ்சளாகிப்போன புல்லைப் பிடித்து இழுத்தேன். பாயைச் சுருட்டுவதுபோல் மண்ணோடு சுருண்டு வந்தது. வேரெல்லாம் அந்த 7 செ.மீ.க்குள்ளேயே பக்கவாட்டில் ஓடியிருந்தது. கீழே மணல் காய்ந்து கிடந்தது, அதில் ஒரு வேர் இல்லை.

பொடி மண்ணுக்குக் கீழே மணல் இருந்தால் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. மேல்மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணலின் பெரிய துளைகளுக்கு அதை இழுக்கிற வலு கிடையாது. மேலடுக்கு குடித்துத் தளும்பினால்தான் கீழே சொட்டும். நனைந்த பஞ்சைக் கூழாங்கல்மேல் வைத்துப் பாருங்கள், புரியும்.

இந்தக் குணத்தை வைத்தே வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி மொழுமொழுவென்று ஒரு புல்பரப்பு இருக்குமே, அதை எப்படிப் போடுவது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் ஒரு முறை வெளியிட்டது. மேலே 30 செ.மீ. மணல் கலவை, அதற்குக் கீழே சரளை. மணலுக்கும் சரளைக்கும் நடுவே தண்ணீர் கொஞ்சம் தங்கி நிற்கும், மிச்சம் வடிந்துவிடும். அவர்கள் காசு கொடுத்து மணலைக் கொண்டுவந்து அதில் புல் வளர்க்கிறார்கள். உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, அதைப்போய் மூடப் பார்க்கிறீர்கள்.

மார்ச் 3, சற்றுக் கழித்து

"தோண்டத் தோண்ட மணல்" என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஈரமண்ணைக் கைப்பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் தட்டினதும் உதிர்ந்தால் மணல். விரலிடுக்கில் நாடாபோல் பிதுங்கி நீண்டால் களி இருக்கிறது. இன்னும் துல்லியம் வேண்டுமானால் கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களி அடங்க ஒரு நாளும் ஆகலாம். மறுநாள் அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும்.

மார்ச் 5

லோடை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதற்குப் பதில் மக்கிய உரம். 2.5 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 15 செ.மீ. ஆழம்வரை மணலோடு சேர்த்துக் கொத்திக் கலக்க வேண்டும். கலப்பதுதான் முக்கியம். பரப்பிவிட்டு அப்படியே விட்டால் மறுபடி அதே அடுக்குக் கதை. உங்கள் இடத்துக்கு 100 லிட்டர் போதும்.

உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். மோந்து பார்த்தால் மழை பெய்த மண் வாசம் வரவேண்டும். புளித்த வாடையோ சூடோ இருந்தால் இன்னும் ஆறப்போடுங்கள். பாதி மக்கியது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளித்துப்போகும்.

மார்ச் 6

நேற்று ஒரு சுழியை விழுங்கிவிட்டேன். 40 சதுர மீட்டர், 2.5 செ.மீ. கனம் என்றால் 1,000 லிட்டர். ஒரு கன மீட்டர். நான் சொன்ன 100 லிட்டரைப் பரப்பினால் கனம் 2.5 மில்லிமீட்டர் இருக்கும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, "பூந்தொட்டிக்கா தோட்டத்துக்கா?" என்று கேட்ட விதம் மட்டும் கொஞ்சம் உறைத்தது.

இன்னொருவர் கேட்கிறார்: 15 செ.மீ. கனத்துக்கு மண் கொட்டினாலுமா பிரச்சினை? இல்லை. அவ்வளவு ஆழமிருந்தால் வேருக்குப் போதுமான இடம் கிடைத்துவிடும், எல்லைக்கோட்டை மட்டும் மணலோடு கொத்திவிட வேண்டும். ஆனால் அது 6 கன மீட்டர். கொட்டுகிறவர் யார், வாரி நிரவுகிறவர் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் முதுகு இந்த விவாதத்தில் கலந்துகொள்ளாது.

மார்ச் 8

எந்தப் புல் என்று இதுவரை யாருமே கேட்கவில்லை. விதைப் பையில் படத்தைப் பார்த்து வாங்குவது மாப்பிள்ளையை நிழற்படத்தில் பார்த்து முடிப்பது மாதிரி.

வெயில் பூமி, மணல் தரை என்றால் என் ஓட்டு அருகுக்குத்தான். பெர்முடா என்று பையில் அச்சடித்து விற்பதும் நம் அருகம்புல்லின் வகையறாதான். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம் வெறும் உபசாரம் இல்லை. தரைமேல் ஓடுதண்டு, தரைக்குள் இன்னொரு தண்டு, இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும். அதனால் விதைப்பில் கையளவு சொட்டை விழுந்தாலும் தானே ஓடிவந்து மூடிக்கொள்ளும். பயிர்க்காரர்கள் ஆயுள் முழுக்கப் பிடுங்கி எறிகிற ஒன்றை நாம் பைசா கொடுத்து வாங்கி விதைக்கிறோம் என்பது வேறு கதை.

ஒரு குறை: நிழல் ஆகாது. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மரத்தடி என்றால் இதை மறந்துவிடுங்கள்.

பாஹியா என்று ஒன்று இருக்கிறது. சத்தில்லாத மணலிலும் ஆழமாக வேர்விடும், முளைக்கத்தான் நாளாகும், பார்வைக்கும் கொஞ்சம் முரடு. குளிர்ந்த பகுதியில் இருப்பவர்களுக்கு டால் ஃபெஸ்க்யூ. குளிர்காலப் புற்களில் ஆழவேர் உள்ளது அதுதான். கென்டக்கி புளூகிராஸ் இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நாள் மணலின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

விதை அளவு: அருகுக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம். டால் ஃபெஸ்க்யூவுக்கு 30 முதல் 40. வித்தியாசத்துக்குக் காரணம் விதையின் உருவம். உமி நீக்கிய அருகு விதை ஒரு கிராமில் 4,000-க்கு மேல் இருக்கும், ஃபெஸ்க்யூ 500 அளவில்தான். உமியோடு இருக்கும் அருகு விதை முளைக்க இரண்டு மடங்கு நாள்கூட ஆகும், மணலுக்கு உமி நீக்கியதே நல்லது. பூச்சுப் பூசிய விதை என்றால் பையில் எடை விவரம் பாருங்கள்; சிலவற்றில் பாதி எடை பூச்சுதான், அப்போது கிராமை இரட்டிப்பாக்க வேண்டும்.

மார்ச் 9

பழைய விதைப் பை ஒன்று கிடக்கிறதாம், போடலாமா என்று கேள்வி. 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள், துணி காயக்கூடாது. இரண்டு வாரத்தில் முளைத்ததை எண்ணுங்கள். நானும் என் போன வருடப் பையில் எண்ணிப்போட்டிருக்கிறேன். எண்ணும்போது தும்மிவிட்டேன், மறுபடி ஒன்றிலிருந்து.

மார்ச் 14

இங்கே இவ்வளவு பேசிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பாயாகச் சுருண்டு வந்த அந்த மூலையில் களிமண்ணை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, 2 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தி பிடித்தேன். பாதியில் மக்கு உரம் கலந்தேன். மறுபாதி வெறும் மணல். ஒரே நாள், ஒரே விதை, ஒரே பூவாளி. பார்ப்போம்.

தூவிய முறை: ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு காய்ந்த மணல் கலந்துகொண்டேன். சின்ன விதையை அப்படியே வீசினால் ஒரு இடத்தில் குப்பலாக விழும், ஒரு இடம் மொட்டையாகிவிடும். பாதியை நீளவாக்கில், மீதியைக் குறுக்குவாக்கில். பிறகு ரேக்கைத் திருப்பிப் பிடித்து மேலாக ஒரு இழுப்பு. மூன்று, நாலு மில்லிமீட்டர் மண் மூடினால் போதும், 6 மில்லிமீட்டருக்குமேல் போனால் அருகு விதைக்கு வெளியே வரத் தெம்பு இருக்காது. கடைசியில் பலகை போட்டு மிதித்தேன். மணலில் இதைத் தவிர்க்கவே கூடாது, விதையைச் சுற்றிக் காற்றுப் பொந்து இருந்தால் ஈரம் அதைத் தொடாது. விதைப்பதற்கு முன் நடந்து பார்த்தால் பாதம் ஒரு செ.மீ. அளவுக்குப் பதியவேண்டும். கணுக்கால்வரை புதைந்தால் இன்னும் அமுக்க வேண்டும்.

மண்ணின் சூடும் பார்த்துக்கொள்ளுங்கள். அருகுக்கு மண் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், 20-க்குமேல் என்றால் சுறுசுறுப்பு.

மார்ச் 14, மாலை

வெறும் மணல் பாதியில் தண்ணீர் உருண்டு ஓடுகிறது! பாதரசம் மாதிரி முத்து முத்தாக. மேலே நனைந்த தோற்றம், விரலால் கீறினால் உள்ளே தூள் பறக்கிறது.

இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும். இலைதழை மக்கும்போது வரும் மெழுகு போன்ற பொருள் மணல்மணிகளில் படிந்துவிடும். காய்ந்தால் தண்ணீரை ஒட்டவிடாது. காய்ந்த மணலில் ஒரு சொட்டு விட்டு எண்ணுங்கள். 5 விநாடிக்குள் உள்ளே போகாவிட்டால் இந்தக் கோளாறு இருக்கிறது. போன வருடம் உங்கள் புல் கருகியதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

மண்ணை நனைய வைக்கும் திரவம் தனியாக விற்கிறார்கள். நான் பூவாளியில் கொஞ்சம் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கொஞ்சம் விட்டேன். ஐந்து தடவைக்குப் பிறகு மசிந்தது. பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றச் சொல்வார்கள், அளவு தவறினால் நாற்று வெந்துபோகும்.

மார்ச் 17

குருவிகள். விதையைப் பொறுக்கித் தின்கின்றன. பளபளப்பான நாடா கட்டிவிட்டேன்.

மார்ச் 18

குருவிகளிடம் மன்னிப்பு. அவை புழு பொறுக்க வந்தவை. திருடன் தரையில் இருந்தான். காலை ஏழு மணிக்குக் குனிந்து பார்த்தால் எறும்பு ஊர்வலம், ஆளுக்கொரு விதை, வரிசை தப்பாமல் கல்பாதை ஓரமாகப் போகிறது. என்னைவிடச் சீராக விதை தூவுகிறவர்கள்.

சின்ன விதை என்றால் எறும்புக்குக் கொண்டாட்டம். ரேக் இழுக்காமல் மேலேயே விட்ட ஓரப்பகுதிதான் அதிகம் காலி. ஈரச் சாக்கு விரித்ததும் குறைந்தது. ஓரத்துக்கு மட்டும் இன்னொரு பிடி விதை.

மார்ச் 22

எட்டாம் நாள் முளைப்பு. வெறும் மணல் பாதியிலும் அதே நாளில், அதே அடர்த்தியில். உரம் உரம் என்று கத்தியவன் முகத்தில் கரி. யோசித்தால் ஞாயம்தான்: விதை முளைக்க ஈரமும் சூடும் காற்றும் போதும், சாப்பாட்டை அது கையோடு கொண்டுவந்திருக்கிறது.

சாக்கை முதல் பச்சை தெரிந்த அன்றே, வெயில் தாழ்ந்தபின் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தால் நாற்று இழைக்குள் நுழைந்து, சாக்கோடு கூட வந்துவிடும். வைக்கோல் போடுகிறவர்கள் பாதித் தரை கண்ணுக்குத் தெரியும்படி மெல்லிசாகப் போடுங்கள், அதை எடுக்கத் தேவையில்லை.

ஈரத்துணியில் சுற்றிய விதை: 13 நாளில் 63 முளைத்திருக்கிறது. நான் அதே பையிலிருந்துதான் விதைத்தேன். முடிவு வரும்வரை பொறுத்திருந்தால் கூடுதலாகத் தூவியிருப்பேன். ஊருக்கு உபதேசம்.

மார்ச் 24

தண்ணீர் பற்றி நீளமாக எழுதவேண்டும், ஏனென்றால் உங்கள் "ஒரு மாதத்தில் கருகிவிட்டது" இங்கேதான் இருக்கிறது.

முளைக்கும்வரை நாளுக்கு மூன்று, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் 2 மில்லிமீட்டர் போதும். மேல் 1 செ.மீ. காயக்கூடாது என்பது ஒன்றே குறி. முளைத்த விதை ஒரு மதியம் காய்ந்தாலும் அதற்கு மறுபிறப்பு கிடையாது.

முளைத்தபின் ஆள் மாற வேண்டும். நிறையப் பேர் இரண்டில் ஒரு தப்பைச் செய்கிறார்கள். ஒன்று, பச்சையைப் பார்த்ததும் திருப்திப்பட்டு ஒரே நாளில் நாலு தடவையை ஒரு தடவையாக்குவது. அப்போது வேர் 2 செ.மீ. இருக்கும், மணலின் மேல் 3 செ.மீ. பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். நீங்கள் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று என் ஊகம். இரண்டு, பயந்துகொண்டு நாலு தடவையையே மாதக்கணக்கில் தொடர்வது. வேர் மேலேயே சொகுசாகப் படுத்துக்கொள்ளும், போதாக்குறைக்கு நாற்றழுகல் வரும், திட்டுத்திட்டாக நாற்று அடித்தண்டு கறுத்துச் சாயும்.

நான் செய்வது: ஒவ்வொரு நாலைந்து நாளுக்கும் ஒரு தடவையைக் குறைத்து, விடும் அளவைக் கூட்டுவது. மணலில் 10 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால் 10 முதல் 12 செ.மீ. ஆழம் நனைந்துவிடும். வேர் 4 செ.மீ. இருக்கும்போது அதற்குமேல் விடுவதெல்லாம் பாதாளத்துக்கு. களிமண்காரர்களின் "வாரம் ஒரு தடவை ஆழமாக" என்ற அறிவுரை மணலுக்குப் பொருந்தாது. வேர்பிடித்த பிறகும் வாரத்துக்கு இரண்டு, மூன்று பங்காகப் பிரித்துத்தான் விடவேண்டும்.

எவ்வளவு மில்லிமீட்டர் விழுகிறது என்று எப்படித் தெரியும்? தகர டப்பாக்களைப் பாத்தியில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு அளவுகோலால் அளங்கள். என் முதல் புல்தரையில் நிரந்தரமாக ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. பூஞ்சை என்று மருந்தடித்தேன், நாய் என்று சந்தேகப்பட்டேன். டப்பா வைத்த அன்றைக்குத்தான் அந்த இடத்தில் மற்ற இடத்தின் கால்வாசித் தண்ணீர்கூட விழவில்லை என்று தெரிந்தது. நாயிடம் மன்னிப்புக் கேட்க வாய்க்கவில்லை.

ஏப்ரல் 5

வெறும் மணல் பாதி வெளிற ஆரம்பித்துவிட்டது. உரம் கலந்த பாதி கரும்பச்சை. கொண்டுவந்த சாப்பாடு தீர்ந்தது, இனி தரைதான் போடவேண்டும். மணலிடம் ஒன்றும் இல்லை. என் முகக்கரியை ஓரளவு துடைத்துக்கொள்கிறேன்.

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. சதுர மீட்டருக்கு 11 கிராம் போட்டால் 5 கிராம் தழைச்சத்து, வழக்கமான ஒரு வேளை அது. மணலுக்கு அதைப் பாதியாக்கி, மூன்று வாரம் விட்டு மீதிப் பாதி. மொத்தமாகப் போட்டால் பலத்த மழை ஒன்று வந்து நைட்ரேட்டைக் கீழே கொண்டுபோய்விடும். போட்ட கையோடு தண்ணீர் விடவேண்டும், மேலே கிடந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

ஏப்ரல் 6

தழைச்சத்தை மட்டும் பேசியது அரைகுறை. மணலில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வடிந்துபோகும். இலைநுனி காய்ந்து, வெயிலுக்குச் சீக்கிரம் வாடினால் அதையும் நினைத்துப் பாருங்கள். மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுவது உத்தமம்.

ஏப்ரல் 11

தண்ணீரைக் குடித்து உப்பும் பொடியைக் கலக்கலாமா என்று கேட்கிறவருக்கு: ஒரு வருடம் கலந்தேன். அளவு கொஞ்சம் கைமீறிவிட்டது. முதல் கனமழைக்கு மறுநாள் தரை முழுக்கக் கண்ணாடிக் கூழ் பிதுங்கிக்கொண்டு நின்றது, நடந்தால் வழுக்கல். தரையே ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருந்தது. தொட்டிச் செடியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 13

கோரை வந்துவிட்டது. வரும் என்று தெரிந்தும் நான் சொல்லத் தவறியது: விதைப்பதற்கு முன் வெறும் பாத்திக்கு இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் விட்டு, முளைக்கிற களையை மேலாகச் செதுக்கிவிட்டு, அப்புறம் விதைத்திருக்க வேண்டும். செதுக்கும்போது ஆழமாகக் கிளறினால் அடியிலிருக்கும் களைவிதை மேலே வந்துவிடும். கோரைக்கு இது முழு வைத்தியம் இல்லை, அது கிழங்கிலிருந்து வரும். ஆனால் முதல் படையாவது குறைந்திருக்கும்.

களை முளைக்காமல் தடுக்கும் மருந்தை இப்போது தொடாதீர்கள். அதற்குப் புல்விதை எது களைவிதை எது என்று தெரியாது. மற்ற களைக்கொல்லிகளும் மூன்று, நாலு வெட்டு முடிந்த பிறகுதான். நான் கையால் பிடுங்குகிறேன், மணல் என்பதால் கிழங்கோடு வருகிறது. மணலுக்கு இது ஒரு புண்ணியம்.

ஏப்ரல் 20

முதல் வெட்டு. 4.5 செ.மீ. வளர்ந்ததை 3 செ.மீ.க்கு. எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக்கூடாது. முதலில் நாலைந்து நாற்றைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டாது, பிடுங்கும். என்னுடையது பிடுங்கியது. சாணை பிடித்துக்கொண்டு வந்து மீதியை மாலையில் முடித்தேன்.

ஜூன் 14

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார், 40 சதுர மீட்டரும் பச்சை. மூலையில் இருக்கும் சொட்டைக்கு மறுபடி விதைக்க வேண்டுமா என்கிறார். சுற்றிலும் ஓடுதண்டு தெரிகிறதே, விட்டுவிடுங்கள். ஆடும் மாடும் மேயாமல் பார்த்துக்கொண்டால் தானே மூடிவிடும்.

என் பாத்தியில் எந்தப் பாதி எது என்று இப்போது வந்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். உரப் பாதியிலிருந்து ஓடுதண்டு எல்லை தாண்டிவிட்டது. நான் மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஐந்து நாள் தண்ணீர் விடாமல் விட்டேன். மணல் பாதி நீலம் பூத்த சாம்பல் நிறத்துக்குப் போனது, நடந்தால் காலடி அப்படியே பதிந்து கிடந்தது. உரப் பாதியில் புல் நிமிர்ந்துகொண்டது. காலடி நிமிராவிட்டால் அன்றைக்கே தண்ணீர் விட்டுவிடவேண்டும், கருகும்வரை காத்திருக்கக்கூடாது. மணல் பாதிக்கு மழைக்காலத்துக்கு முன் அரை செ.மீ. மக்கு உரம் மேலே தூவப்போகிறேன். உரப் பாதிக்கும்தான், மணலில் அது சீக்கிரம் கரைந்து தீர்ந்துவிடுகிறது.

ஜூன் 15

ஒன்று விட்டுப்போயிற்று. கல்பாதையில் இரண்டு கல்லுக்கு நடுவே, எறும்புப் புற்று வாசலில், உள்ளங்கை அகலத்துக்கு அருகு வந்திருக்கிறது. தண்ணீர் விடவில்லை, உரம் வைக்கவில்லை, பலகை போட்டு மிதிக்கவில்லை. என் பாத்தியைவிட அடர்த்தி.